வளர்கிற பிள்ளைக்கு எடுத்த துணி

என் சிறுவயதில் எனக்கென்று எடுத்த துணி எதுவும் என் அளவுக்கு இருந்ததில்லை. "வளர்ற புள்ள, பெருசா எடு" என்று அம்மா கடைக்காரரிடம் சொல்வாள். அதுதான் உலக நியாயம் என்பதுபோல் அவரும் இரண்டு அளவு பெரிதாக ஒன்றை எடுத்துப் போடுவார். ஒன்றாம் வகுப்பில் வாங்கிய யூனிஃபார்ம் மூன்றாம் வகுப்பில்தான் எனக்குச் சரியாக வந்தது. அதற்குள் அதன் சாயம் போய்விட்டிருந்தது. பாவாடை என்றால் உட்புறம் மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பை அம்மா பிரித்துவிடுவாள். நான் பனைமரம் மாதிரி வளரப்போகிறேன் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நானோ வளர்கிற வழியைக் காணோம்.

எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு பட்டுப் பாவாடை, அதுவும் மடிப்பே வைக்காமல், அளவெடுத்தாற்போல. பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசி எனக்கு அதைக் கொடுப்பதாக முடிவும் செய்திருந்தார்கள். அது கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனதற்குக் காரணம் என் பெரியம்மா. அதற்காக அவள்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

எங்கள் ஊர் செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி, குத்தம்பாக்கம் போகிற பக்கம். அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். விவசாயக் குடும்பம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர, விவசாயம் பண்ண நிலம் ஏது? எங்கள் கழனி இருந்த இடத்தில் பெரிய குடோன் ஒன்று வந்துவிட்டது. பெரியப்பா அந்தக் குடோனிலேயே வாட்ச்மேன். "எங் கழனிய நான்தானே பாத்துக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சித்தப்பா பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவருக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. பெண் வீட்டார் வருவார்கள், காபி குடிப்பார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். சொல்லியனுப்பியது ஒருவரும் இல்லை. முன்மண்டை வழுக்கை விழ ஆரம்பித்த பிறகு, ஒருவழியாக நூம்பலில் ஒரு குடும்பம் சரி என்றது. வீட்டில் எல்லாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலண்டை வீட்டுத் தாத்தா வந்து சேர்ந்தார். பங்காளிகளில் மூத்தவர். நல்லது கெட்டது எதுவானாலும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "கல்யாணம் சரி, பூவாடைக்கு இன்னா ஏற்பாடு?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை போடுவது வழக்கம். வீட்டில் செத்துப்போனவர்களுக்கும் பத்திரிகை வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பைக்காரரை அழைத்துக்கொண்டு நீர்க்கரைக்குப் போவோம். அவர் பம்பை அடித்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர்களுக்குப் புதுத்துணியும் பூவும் வைத்து, பூச்சுற்றிய கரகத்தில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்து, பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். பீடி குடித்த கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பீடிக்கட்டும் உண்டு. ஒருத்தரை விட்டுவிட்டாலும் போச்சு, அவர் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்பார், கல்யாணம் நிலைக்காது என்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களே பத்திரிகை வரவில்லை என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கிற ஊர் எங்களுடையது. செத்தவர்களைக் கேட்பானேன்.

"ஒரு பேரு வுட்டுப்போயிருக்குது" என்றார் தாத்தா. "அதான் இவனுக்கு இத்தினி வருசமாத் தட்டிகினே போவுது. இந்தத் தடவ அந்தப் புள்ளைக்கும் சேத்துப் போட்டுடுங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அங்கே பெரியம்மா இருந்தாள். தாத்தா சொன்ன பிள்ளை அவளுடைய ஒரே மகள்.

அந்த அக்காவைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. நான் தொட்டிலில் கிடந்தபோது அவளுக்கு ஏழு வயது. அந்தக் கோடையில் ஏரி வற்றி, தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் காடாகிவிட்டதாம். உள்ளே நுழைந்தால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. ஆடுகளுக்குக் கருவேலங்காய் உலுக்குவதற்காகப் பெரியம்மா மகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முள் கிழிக்குமே என்று பிள்ளையை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, கூழ் இருந்த தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டு, நாலு மரம் தள்ளிப் போய்க் காய் உலுக்கினாள். திரும்பி வந்தபோது தூக்குவாளி இருந்தது, கூழில் பாதியைக் காணோம், பிள்ளையையும் காணோம்.

ஊர் முழுக்கக் காட்டுக்குள் இறங்கித் தேடியது. மண் எடுத்த பள்ளங்களில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் கொக்கி போட்டு இழுத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் நாய் வந்தது. நாய் தூக்குவாளியை முகர்ந்துவிட்டு, முள்ளுக்குள் நெளிந்து ஓடி, மண் லாரி போகிற தடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றுவிட்டது. நாய் உட்கார்ந்ததைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பிள்ளையை யாரோ லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்பது ஒரு கட்சி. நாய்க்கு வெயில் தாங்கவில்லை, அதான் உட்கார்ந்தது என்பது இன்னொரு கட்சி. இது போதாதென்று முனி அடித்தது என்று சிலர், பள்ளத்தில் முழுகியது என்று சிலர். இத்தனை பேர் இத்தனை சொன்னார்களே தவிர, காட்டிலிருந்து ஒரு சட்டைத் துண்டு வந்ததில்லை. கொலுசு இல்லை, செருப்பு இல்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பெரியம்மா அதையே தன் கட்சியாக்கிக்கொண்டாள். "ஒண்ணுமே கெடைக்கலேன்னா இன்னா அர்த்தம்? செருப்பப் போட்டுகினு நடந்து போயிருக்கான்னு அர்த்தம்" என்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில் அக்கா பெயரை எடுக்கவிடவில்லை. யாராவது "பாவம் அந்தப் புள்ள" என்று ஆரம்பித்தால், "இன்னா பாவம்?" என்று ஒரு பார்வை பார்ப்பாள். ஆரம்பித்தவர் தன் வீட்டு மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவளிடம் போய் மகளுக்குப் பூவாடை போடு என்றால் நடக்குமா? பூவாடை போட்டுவிட்டால் அக்கா செத்தவர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவாள். அதற்கப்புறம் தேடுவதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதற்கும் ஒன்றும் இல்லை. பெரியம்மா முடியாது என்றாள். தாத்தா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, கொழுந்தன் வாழ்க்கை உன் கையில்தான் இருக்கிறது என்றார்கள். அவள் அதற்கெல்லாம் மசியவில்லை. ஒரு நாள் பெரியப்பாதான் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாம போட்டாத்தானே அது துன்னும். எட்டு வருசமாப் பசியோட எங்க நின்னுகினு கீதோ." சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்குப் பெரியம்மாவும் சாப்பிடவில்லை.

இந்தப் பெரிய விவகாரத்தில் என் அக்கறையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பிள்ளைக்குப் படைக்க ஏழு வயது அளவில் ஒரு பட்டுப் பாவாடை எடுக்கவேண்டுமாம். இறந்த வயது எதுவோ அந்த அளவுதான், ஒரு விரற்கடை கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதுதான் முறையாம். படைத்த துணியை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை கட்டிக்கொள்ளவேண்டும் என்று சொல்லித் தாத்தா என்னைக் கைகாட்டினார். எட்டு வயதானாலும் நான் ஒல்லிப்பிச்சான். ஏழு வயது அளவு எனக்கு அச்சாகப் பொருந்தும். வாழ்க்கையில் முதல்முறையாக, பெரிதாக எடுக்கவே முடியாத ஒரு துணி. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அதனால் நானும் களத்தில் இறங்கினேன். பெரியம்மா அசந்து உட்கார்ந்திருந்தபோது போய்க் கால் பிடித்துவிட்டேன். அவள் காலைச் சும்மா பிடிக்கிற ஆள் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"இன்னாடி வேணும்?"

"பூவாடை போட்டுடலாம் பெரியம்மா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பயந்துபோனேன். ஆனால் அவள் கோபிக்கவில்லை. "பொண்ணுங்களுக்கு இப்ப இன்னா கலரு புடிக்குது?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. மாம்பழக் கலர், பச்சைக் கரை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்தது எனக்கு அதிசயமாக இருந்தது.

மறுநாள் தாத்தா வந்து நாற்காலியில் உட்காருவதற்குள், "போட்டுடலாம் மாமா" என்றாள் பெரியம்மா. "ஆனா துணி நான்தான் எடுப்பேன், நான்தான் தெக்கக் குடுப்பேன். ஏரிக்கரைல நானே பிரிச்சுக் காட்டுவேன். அதுவரிக்கும் ஒரு ஆளு அத்தத் தொடக் கூடாது." தாத்தாவுக்கு வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. பெத்தவ மனசு இப்பத்தான் தெளிஞ்சுது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பெரியப்பா அன்றிரவு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காரியத்தை முடித்தது நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் போய் எனக்குப் பட்டுப் பாவாடை வரப்போகிறது என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

சித்தப்பாவின் ஆட்டோவில் பெரியம்மாவும் நானும் பூந்தமல்லிக்குப் போனோம். கடையில் அவள் துணிகளை விரித்து விரித்துப் பார்த்தாள். கடைசியில் மாம்பழக் கலரில் பச்சைக் கரை போட்ட பட்டுத்துணியை எடுத்து வைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு வேறு என்னென்னவோ எடுத்தாள்; கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு எடுப்பார்கள், நான் கவனிக்கவில்லை. அங்கிருந்து டெய்லர் கடை. வாசலில் இருந்த ஜூஸ் கடையில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, குடித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் மாடிக்குப் போனாள். இப்போது கூப்பிடுவாள், இப்போது கூப்பிடுவாள் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு அளவு கொடுக்கத் தயாராக நின்றேன். அவள் வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"அளவு எடுக்கலியா?" என்றேன்.

"அளவு எனக்குத் தெரியும்" என்றாள்.

பார்வையிலேயே என் அளவைப் பிடித்துவிட்டாளே, பெரியம்மாவுக்குத்தான் என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் நடு ஏரிக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு இப்பால், அதே சீமைக்கருவேலங்காடு. எங்களைப் போன்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பினாலே முதுகில் அடி விழும்; அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பங்காளிகள், பங்காளி வீட்டுப் பெண்கள் என்று கரை கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் சித்தப்பாவுக்காக வந்தார்கள். மீதிப் பேர் பெரியம்மா இன்றைக்காவது அழுவாளா என்று பார்க்க வந்தார்கள். சித்தப்பா மஞ்சள் வேட்டியில், கையில் எலுமிச்சம்பழத்தோடு, பரீட்சைக்கு வந்த பையன்போல் நின்றார்.

பம்பைக்காரர் குத்தம்பாக்கத்திலிருந்து வந்த பெரிய ஆள். பம்பையை இடுப்பில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். கொள்ளுத்தாத்தா வந்தார், அவருக்கு வேட்டி காட்டப்பட்டது. கொள்ளுப்பாட்டிக்குச் சுங்கடிப் புடவை. பாம்பு கடித்துப் போன பெரியதாத்தாவுக்குத் துண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பம்பை உயர்ந்து அடங்கியது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "புள்ளைக்குத் துணி கொண்டாங்கம்மா" என்றார்.

பெரியம்மா முன்னால் வந்தாள். நானும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். என் பாவாடை அல்லவா? தாம்பாளத்தைக் கீழே வைத்து, பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மாம்பழக் கலர். பச்சைக் கரை. இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து உதறினாள். பாவாடை அவள் மார்பிலிருந்து தரைவரை விழுந்தது. எத்தனை மடிப்பு வைத்தாலும் அது எனக்கு அடங்காது. அடுத்து ரவிக்கையை எடுத்து வைத்தாள். அதற்கடுத்து, பச்சையில் ஒரு தாவணி.

கூட்டத்தில் பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. வயதுக்கு வந்த பெண்தானே தாவணி போடுவாள்? ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பம்பைக்காரர் குழம்பிப்போய், "இன்னாம்மா இது? புள்ளைக்கு ஏழு வயசுன்னாங்களே" என்றார்.

"போவும்போது ஏழு. இப்ப பதினஞ்சு" என்றாள் பெரியம்மா.

தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒன்றும் தெரியாத சின்னப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகத்தான் சொன்னார். "செத்தவங்க வளர மாட்டாங்கம்மா. போன வயசுதான் வயசு. இது கூடவா உனக்குத் தெரியாது?"

"தெரியும் மாமா. அதனாலதான் இத்த இங்க படைக்க முடியாதுன்றேன்." அவள் குரல் உயரவில்லை. கரையின் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. "எம் பொண்ணு வளந்துட்டா."

பம்பைக்காரர் பாவாடையைப் பார்த்தார், தாவணியைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். பிறகு குச்சியைப் பம்பைமேல் வைத்துவிட்டு, "அளவு மாறின துணியக் காட்டி நான் பேர் சொல்லக் கூடாதுங்க. எங்க வழக்கத்துல அது இல்ல" என்றார். ஒரு விரற்கடை கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததே தாத்தாதான். இப்போது அவர் முறையை அவராலேயே மறுக்க முடியவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடைக்கு ஓர் ஆளை அனுப்பிச் சின்னதாக ஒரு பாவாடை வாங்கி வரச் சொல்லுங்கள், காத்திருக்கலாம் என்றார். இரண்டு பையன்கள் பைக் சாவியைக்கூட எடுத்துவிட்டார்கள். பட்டுப் பாவாடைமேல் எனக்கு மறுபடி ஆசை துளிர்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது பெரியப்பா எழுந்தார். அதுவரை அவர் கரையில் ஒரு கல்லில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்திலேயே உயரமான ஆள் அவர். குனிந்து நடந்து நடந்து அது யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிருந்தது. தாம்பாளத்திலிருந்த பாவாடையை எடுத்தார். இடுப்புப் பட்டியைப் பெரியம்மாவின் இடுப்பருகே பிடித்துப் பார்த்தார். கீழ்க்கரை தரையில் புரண்டது.

"இம்மாம் ஒசரமா வளந்துட்டா?" என்று கேட்டார்.

நாலு பேர் முன்னால் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள் பெரியம்மா. அன்றைக்கு மறந்துபோனாள். "உன்ன மாரிதான்யா" என்றாள்.

பெரியப்பாவுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தெரிகிறது. பாவாடையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "கடைக்கு ஒருத்தரும் போவ வாணாம்" என்றார்.

"கல்யாணம் நிலைக்கணும்னா..." என்று தாத்தா ஆரம்பித்தார்.

"மாப்ள நான்தானே? எனக்கு நிலைக்காட்டி போவுது" என்றார் சித்தப்பா. வாழ்க்கையில் அவர் தாத்தாவை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். சொல்லிவிட்டுப் பம்பைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணாத்தே, அடுத்த பேருக்கு வாங்க" என்றார்.

பம்பைக்காரர் அடுத்த பெயருக்குப் போனார். மீதிப் பெயர்கள் முடிந்து கரகத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். வழக்கமாக அந்தக் கரகம்தான் முன்னால் போகும், கூடவே விம்மிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அன்றைக்குக் கரகத்துக்கும் முன்னால், தாவணித் தாம்பாளத்தோடு நிமிர்ந்து நடந்தார் பெரியப்பா. அவருக்குப் பக்கத்தில் பெரியம்மா. கொஞ்ச தூரம் போனதும் பம்பைக்காரருக்கே என்ன தோன்றியதோ, அடியை மாற்றிவிட்டார். அது பெண் வயதுக்கு வந்த சடங்கு வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும்போது அடிக்கிற அடி. தெருவில் நுழைந்ததும் வீட்டு வாசல்களில் நின்றவர்கள் யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள். கூட வந்த பெண்களில் ஒருத்தி குலவையிட்டாள். அப்புறம் எல்லாரும் இட்டார்கள். காலையில் அழுகையைப் பார்க்கக் கிளம்பிய கூட்டம் அது. தாத்தா கடைசியில், பிள்ளைகளோடு பிள்ளையாக வந்தார்.

அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதது நான் ஒருத்திதான். என் பாவாடை போச்சே. வீட்டுக்குள் நுழைந்ததும் தூணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அக்காவை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். முகம்கூடத் தெரியாத அக்காமேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம், ரத்த பாசம் விடுமா என்று தாத்தாவே என் தலையைத் தடவினார். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் என் தொடையில் ரகசியமாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பெரியப்பா அதற்கப்புறம் மகளுடைய பசியைப் பற்றிப் பேசியதே இல்லை. நிலைப்படியைத் தாண்டும்போது சில நாள் நின்று, தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "இங்க குனிஞ்சிதான் வரணும் அது" என்பார். பெரியம்மா ஆமாம் என்பாள். சித்தப்பா கல்யாணத்துக்கும் ஒரு குறையும் வரவில்லை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் வாயாடிகள். கல்யாணப் பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்த தாத்தா, தான் முன்கூட்டியே எடுத்துச் சொன்னதால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் அழுகையை ஆற்றுவதற்காக அம்மா எனக்கும் ஒரு பாவாடை வாங்கினாள். சிவப்பு. வளர்கிற பிள்ளை என்று வழக்கம்போல் பெரிதாகத்தான். மடிப்பு வைத்து வாங்கி வரச்சொல்லிச் சித்தப்பாவோடு என்னைப் பூந்தமல்லிக்கு அனுப்பினாள். பெரியம்மா போன அதே டெய்லர் கடை. சித்தப்பா கீழே ஆட்டோவில் இருந்தார், நான் மட்டும் மாடிக்குப் போனேன்.

டெய்லர் வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு, மிஷினை ஓட்டிக்கொண்டே, "ஆஸ்டல்ல படிக்குதே உங்க அக்கா, அதுக்குத் தாவணி புடிச்சிருந்திச்சா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். அக்கா ஆஸ்டலிலா இருக்கிறாள்? காட்டில் நாய் விட்டுத் தேடினார்கள், பள்ளத்தில் கொக்கி போட்டுத் தேடினார்கள். இந்த டெய்லரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"தெரியாது" என்றேன்.

"புடிச்சிருக்கும். தீவாளிக்குத் தீவாளி நான்தான் தெச்சுத் தரேன் அதுக்கு. ஒரு வாட்டிகூட நேர்ல பாத்ததில்ல. உங்க பெரியம்மா வந்து, இந்த வருசம் இம்மாம் ஒசரம்னு கையக் காட்டும், அவ்ளோதான் அளவு." அவர் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினார். அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. "ஆனா பாரு, தொளதொளன்னு கீது, இறுக்கிப் புடிக்குதுன்னு இதுவரிக்கும் ஒரு துணி திரும்பி வந்ததில்ல."

என் பாவாடைக்கு மூன்று மடிப்பு வைத்துக் கொடுத்தார். அங்கேயே போட்டுப் பார்த்தேன். அப்போதும் தரையைப் பெருக்கியது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து ஆட்டோவில் ஏறினேன். அக்கா ஆஸ்டலில் இருக்கிறாள், டெய்லரே சொன்னார் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவளுக்குத் தைத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லையாம், எல்லாம் அவ்வளவு சரியாக இருக்கிறதாம் என்பதையும் சொன்னேன்.

சித்தப்பா சாவியைப் பிடித்தபடியே இருந்தார். ஆட்டோ வெகு நேரம் கிளம்பவில்லை. மறுபடியும் மக்கர் பண்ணுகிறது போல என்று நினைத்தேன். நான் என் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு, எடுத்த துணியெல்லாம் அளவாக அமைகிற அக்கா கொடுத்துவைத்தவள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.